மூத்திரப் பயத்துக்கு ஒரு நூறு மில்லி பாட்டில்

யூரின் ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ் 2–4’ என்று ஒரு வரி வரும். போனில் தேடினால் ‘சீழ் அணுக்கள்’ என்று அர்த்தம் சொல்லும். சீழ் என்ற சொல்லைப் பார்த்த பிறகு 25 வயதுப் பையனுக்கு ராத்திரி எங்கே தூக்கம் வரும்? மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்கு 5 வெள்ளணு வரை தெரிவது எல்லோருக்கும் உள்ளதுதான். அந்த வரிக்குப் பக்கத்திலேயே ‘0–5’ என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைப் படிக்கிறவர் குறைவு.

இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும் ஆண்களிடம் சாதாரணமாகப் பார்க்கிற தொந்தரவு இது. அடிக்கடி ஒண்ணுக்கு முட்டும், போனால் கொஞ்சமாக வரும். முடித்து வந்த பிறகும் உள்ளே மிச்சம் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. நுனியில் எரிச்சல், அடிவயிற்றில் கனம், விதைப்பைக்குப் பின்னால் இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு வலி. டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் இல்லை என்பார்கள். அந்த ‘ஒன்றும் இல்லை’தான் பயத்தை இன்னும் கூட்டும். கிட்னி போய்விட்டதா, மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியில் கேன்சரா, என்றைக்கோ செய்த தப்புக்கு இப்போது கூலியா என்று மனசு ஓடும். கல்யாணம் நிச்சயமான பிறகும், வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கும் முன்பும் இது உச்சத்துக்குப் போகும்.

இங்கே இரண்டு தப்பு நடக்கிறது. ஒரே டெஸ்ட்டை ஆறு லேபில் எடுப்பது ஒன்று. எடுக்க வேண்டிய டெஸ்ட்டை எடுக்காமலே ‘எல்லாம் மனசுதான் தம்பி, போய்ட்டு வா’ என்று அனுப்பிவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய தப்பு என்பேன். ஏனென்று பின்னால் வருகிறது.

சூடு, வெட்டை, தாது

நம்ம ஊரில் இதற்கு முதல் பேர் சூடு. “சூடு புடிச்சிருக்குடே, வெந்தயத்த ஊறப்போட்டுக் காலைல வெறும் வயித்துல குடி” என்பாள் ஆச்சி. அதில் பாதி சரி. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 38, 40 டிகிரியைத் தொடும்போது, கொத்தனார் வேலையில் நிற்பவனும் வாழைத்தார் லோடு ஏற்றுபவனும் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி வியர்வையாகவே போய்விடும். மிச்சம் வருகிற மூத்திரம் நல்லெண்ணெய் நிறத்தில், கொஞ்சமாக, செறிந்து வரும். அந்தச் செறிவுதான் எரிக்கிறது. பதநீர், நுங்கு, நன்னாரி சர்பத், பார்லிக் கஞ்சி, நீர்மோர் என்று ஆச்சி அடுக்குவதெல்லாம் கடைசியில் தண்ணீர்தான். இரண்டு நாளில் நிறம் இளமஞ்சளுக்கு வந்து எரிச்சலும் போய்விட்டால் விஷயம் முடிந்தது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்புத்தண்ணீர் ஊர்களில் தண்ணீர் ருசிக்காததாலேயே குறைவாகக் குடிப்பார்கள், கல் சேர அதுவே போதும். கல் வந்தவர்கள் எத்தனை லிட்டர் குடித்தோம் என்று எண்ணுவதைவிட, 2 முதல் 2.5 லிட்டர் வெளியே போகிறதா என்று பார்ப்பது சரியான கணக்கு.

அதே ஆச்சி ‘வெட்டை’ என்றும் சொல்வாள். வில்லங்கம் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் வெட்டை என்றால் வெறும் உடம்புச் சூடு. வைத்தியப் பேச்சில் மேகவெட்டை என்றால் உடலுறவால் தொற்றுகிற நோய், இன்றைக்கு கொனோரியா என்கிறோமே அது. ஆச்சி முதல் அர்த்தத்தில் சொன்னதைப் பேரன் இரண்டாவது அர்த்தத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அவளிடம் கேட்கவும் முடியாமல் முழிப்பான்.

மூன்றாவது, தாது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ்களுக்கு இதுதான் முதலீடு: மூத்திரம் வெள்ளையாகப் போனால் விந்து போகிறது, ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தம், போனால் நரம்புத்தளர்ச்சி. இந்தப் பயத்துக்கு மருத்துவப் புத்தகத்தில் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று தனிப் பேரே உண்டு; மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் வைத்த பேர். விந்து ரத்தத்திலிருந்து வடித்தெடுத்துச் சேமித்து வைக்கிற சரக்கு கிடையாது. ஒரு தடவைக்கு ஒன்றரை முதல் ஐந்து மில்லி, அதில் பெரும்பங்கு விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கிற நீர், தினமும் ஊறிக்கொண்டே இருப்பது. மலச்சிக்கலில் முக்கும்போது நுனியில் பிசுபிசுவென்று ஒரு சொட்டு வந்தால், புராஸ்டேட்டை மலம் அழுத்தியதால் வந்தது. நோட்டீஸ்காரரிடம் போகுமுன் வாழைப்பழமும் கீரையும் சாப்பிட்டுப் பாருங்கள்.

மூத்திரம் கலங்கலாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பாஸ்பேட் உப்பு. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மூத்திரம் காரத்தன்மைக்கு மாறும்போது அந்த உப்பு கரையாமல் வெள்ளையாக மிதக்கும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் கலங்கல் மூத்திரம் பிடித்து, மளிகைக்கடை வினிகர் ஒரு ஸ்பூன் விடுங்கள். ஒரு நிமிஷத்தில் தெளிந்தால் பாஸ்பேட், கவலை இல்லை. தெளியாவிட்டால் டெஸ்ட் எடுக்க வேண்டும். பால் மாதிரியே வெள்ளையாக, கட்டி கட்டியாகத் தொடர்ந்து போனால் யானைக்கால் கிருமியால் நிணநீர் கலப்பதும் உண்டு; அதற்கு வினிகர் வேலைக்கு ஆகாது, டாக்டரிடம் போக வேண்டும். டம்ளரை அப்புறம் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

முதலில் அளவு

எந்த டெஸ்ட்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது மூன்று நாள் கணக்கு. செலவு கிடையாது. காலியான 100 மில்லி சிரப் பாட்டில் ஒன்றும், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றும் எடுங்கள். சிரப் பாட்டிலால் தண்ணீர் அளந்து பெரிய பாட்டிலுக்குள் ஊற்றி, ஒவ்வொரு நூறுக்கும் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். பிறகு மேல்பாகத்தை வெட்டிவிட்டால் அளவுக் குவளை தயார். மூன்று நாளும் எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மில்லி, முட்டியதால் போனோமா, பஸ் ஏறப்போகிறோமே என்று முன்கூட்டிப் போனோமா என்று எழுத வேண்டும். குடித்த தண்ணீர், டீ, கலர் எல்லாவற்றையும் மில்லிக் கணக்கில் எழுத வேண்டும். ஒரு நாளாவது லீவு நாளாக இருக்கட்டும். வேலை நாளும் வீட்டு நாளும் வேறு வேறாக வந்தால் அதுவே ஒரு சேதி.

ஒப்பிட்டுப் பார்க்க: ஆரோக்கியமான ஆளுக்கு 24 மணி நேரத்தில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரும். பகலில் ஆறு முதல் எட்டுத் தடவை, ராத்திரி ஒரு தடவை அல்லது அதுவும் இல்லை. மூத்திரப்பையில் 150, 200 மில்லி சேரும்போது முதல் உணர்வு தட்டும். 400, 500 வரை அது தாங்கும்.

மொத்தம் மூன்று லிட்டரைத் தாண்டினால், ஒன்று நீங்கள் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள், அல்லது சர்க்கரையாக இருக்கலாம். ‘கிட்னியைக் கழுவணும்’ என்று காலையில் ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடிக்கும் வழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அதில் பெரும்பகுதியைக் கிட்னி திருப்பித் தந்துவிடும். இரண்டு மூன்று தடவை போகத்தான் செய்வீர்கள், அதில் வியாதி இல்லை.

மொத்தம் ஒரு லிட்டருக்கும் கீழே, நிறமும் அடர்த்தி என்றால் தண்ணீர் போதவில்லை.

இந்தப் பயம் உள்ளவர்களின் தாளில் அடிக்கடி தென்படுவது வேறொரு மாதிரி. பகலில் பன்னிரண்டு தடவை, தடவைக்கு 80, 100, 120 மில்லி. ராத்திரி ஒரு தடவை கூட எழவில்லை. காலையில் எழுந்ததும் 400, 450. இந்த ஒரு வரியை நன்றாகப் பாருங்கள். தூங்கும்போது 450 மில்லியைச் சத்தமில்லாமல் தாங்கிய அதே பைதான் பகலில் 100 மில்லிக்கு முட்டுகிறது. பை சுருங்கவில்லை, புண்ணும் இல்லை; மணி சீக்கிரமாக அடிக்கிறது, அவ்வளவுதான். பகலில் கவனம் அங்கேயே நிற்பதால் சின்ன உணர்வும் பெரிதாகக் கேட்கிறது. ‘எதற்கும் ஒரு தடவை போய்ட்டு வருவோம்’ என்று ஒவ்வொரு முறையும் போய்ப் போய், அரைப் பையிலேயே மணி அடிக்கப் பழகிவிட்டது.

இதற்கு நேர்மாறாக, ராத்திரியும் மூன்று நான்கு தடவை எழுப்பி, காலையிலும் நூறு மில்லிதான் வருகிறது என்றால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். அங்கே பயத்தைக் காரணம் சொல்லக்கூடாது.

டெஸ்ட்: ஒரே சுற்று, ஒழுங்காக

யூரின் ரொட்டீன், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர், சர்க்கரை, கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின், போய்முடித்த பின் மிச்ச அளவு பார்க்கும் ஸ்கேன், மூத்திர வேகம் பார்க்கும் யூரோஃப்ளோ. இவ்வளவுதான். வயது நாற்பதுக்குக் கீழே என்றால் பிஎஸ்ஏ என்கிற புராஸ்டேட் ரத்த டெஸ்ட் தேவையில்லை. அந்த வயதில் புராஸ்டேட் கேன்சர் மிக மிக அரிது, கிருமித்தொற்று இருந்தாலே பிஎஸ்ஏ ஏறிவிடும், பிறகு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் பயம் ஓடும்.

கல்ச்சர் கெட்டுப்போவது அநேகமாக லேபுக்கு வெளியிலேயே நடக்கும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளித் தண்ணீரால் கழுவித் துடைத்து, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டு, நடுவில் வருவதை மூடி திறந்த டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கம் விரல் படக்கூடாது. பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் போய்ச் சேர வேண்டும். அம்பாசமுத்திரத்தில் காலை ஆறு மணிக்குப் பிடித்துப் பையில் போட்டு, பஸ்ஸில் வந்து, டவுனில் வேலையை முடித்துக்கொண்டு பதினோரு மணிக்குக் கொடுத்தால், அந்த வெயிலில் நாலு கிருமி நாலாயிரம் ஆகியிருக்கும். லேபுக்கு வந்த பிறகு அங்கேயே பிடிப்பது உத்தமம். ‘பலவகைக் கிருமி வளர்ச்சி’ என்று ரிப்போர்ட் வந்தால் டப்பா அசுத்தமானது என்று பொருள். மருந்துக்கு ஓடாமல் திரும்ப எடுக்க வேண்டும். ஏற்கெனவே மெடிக்கல் ஷாப்பில் வாங்கி இரண்டு மாத்திரை போட்டிருந்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெள்ளணு நிறைய, ஆனால் கல்ச்சரில் வளர்ச்சி இல்லை என்று இரண்டு தடவை வந்தால் ‘நார்மல்’ என்று மூடி வைக்கக்கூடாது. சாதாரணக் கல்ச்சரில் வளராத, உடலுறவால் தொற்றுகிற கிளமிடியா கிருமி, கல், நம்ம நாட்டில் முக்கியமாகச் சிறுநீர்ப்பாதைக் காசநோய் ஆகிய மூன்றையும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஜிம் போகிற தம்பிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. கடுமையாக ஓடினாலோ வெயிட் தூக்கினாலோ அடுத்த ஒன்றிரண்டு நாள் மூத்திரத்தில் கொஞ்சம் ஆல்புமின் என்கிற புரதமும் சிவப்பணுவும் தெரியலாம். கிரியாட்டின் பவுடரும் நிறைய இறைச்சியும் கிரியாட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். மெடிக்கலுக்கு மூன்று நாள் முன்னால் ஜிம்மை நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுங்கள். பிறகும் அதே அளவு வந்தால் கேட்க வேண்டிய விஷயம்.

ஸ்கேனில் ஒரு பொறி இருக்கிறது. ‘நல்லா முட்டணும், இன்னும் ஒரு பாட்டில் குடிங்க’ என்று உட்கார வைத்துவிடுவார்கள். டோக்கன் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். பை வெடிக்கிற அளவு நிறைந்த பிறகு போகச் சொன்னால், மிதமிஞ்சி விரிந்த பை முழுசாகச் சுருங்காது. மிச்சம் 80 சிசி, 100 சிசி என்று ரிப்போர்ட் வரும். அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த எண் போதும் பயப்பட. சாதாரணமாக முட்டும் நிலையில் போய்விட்டு, பத்து நிமிஷத்துக்குள் பார்த்த மிச்சம்தான் கணக்கு. 50 மில்லிக்குள் இருந்தால் நல்லது. முதல் எண் கூடுதலாக வந்தால் இன்னொரு தடவை போய்விட்டு வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், செய்வார்கள். அதேபோல் பை நிறையாமல் பார்த்தால் அதன் சுவர் தடித்துத் தெரியும், அதற்கு ‘சிஸ்டைடிஸ்’ (பை அழற்சி) என்று எழுதிவிடுவதுண்டு. கிட்னிக்குள் 3 மில்லிமீட்டர் கல் சும்மா உட்கார்ந்திருந்தால் நுனி எரிச்சலுக்கு அது காரணம் ஆகாது. கல் இறங்கி, பைக்குள் நுழையும் வாசலில் சிக்கினால்தான் அடிக்கடி முட்டுவதும் நுனிக் குத்தலும் வரும்.

யூரோஃப்ளோதான் நான் முதலில் சொன்ன, எடுக்க மறக்கிற டெஸ்ட். ஒரு புனலுக்குள் போக வேண்டும், மெஷின் வேகத்தை வரைந்து கொடுக்கும். குறைந்தது 150 மில்லி போனால்தான் அந்தக் கோட்டுக்கு மதிப்பு. இளவயதில் உச்ச வேகம் வினாடிக்கு 15 மில்லிக்கு மேலே, கோடு மணியைக் கவிழ்த்த மாதிரி ஏறி இறங்க வேண்டும். ஏறாமல் தட்டையாக மேடை மாதிரி நீண்டு கிடந்தால் பாதை எங்கோ குறுகியிருக்கிறது. சின்ன வயதில் சைக்கிள் பார் மேல் விழுந்தது, பனையிலிருந்து சறுக்கித் தொடையிடுக்கில் அடிபட்டது, ஆபரேஷனுக்குக் குழாய் போட்டது, பழைய கொனோரியா: இவற்றில் ஏதாவது ஒன்று வருஷங்கள் கழித்துத் தழும்பாகிக் குழாயைச் சுருக்கும். இருபத்தெட்டு வயதில் மெல்லிசாக, இரண்டாகப் பிரிந்து, முக்கினால்தான் வருகிறது என்கிறவனிடம் ‘டென்ஷனைக் குறை’ என்று சொல்லி அனுப்பினால் அவன் கிட்னியைத்தான் குறைக்கிறோம். பைக் கழுத்துத் தசை திறக்காமல் அடைக்கிற கோளாறும் இளவயது ஆண்களுக்கு உண்டு, அதுவும் பயம் என்ற பேரில் பல வருஷம் மறைந்தே கிடக்கும். ஆகவே பயம் என்று முடிவு கட்ட, ஒரு நல்ல யூரோஃப்ளோ கோடும் மிச்ச அளவும் கையில் வேண்டும். ஒரு விஷயம்: பக்கத்தில் ஆள் நின்றால் சிலருக்கு வரவே வராது, கோடு விட்டு விட்டு வரும். அறையில் தனியாக விடச் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற ரத்தம், ஒரு தடவை வந்தாலும். பீட்ரூட் சாப்பிட்டோமா, காசநோய் மாத்திரையா என்று மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். முட்டியும் ஒரு சொட்டுக்கூட வராமல் அடைத்துக்கொள்வது. திடீரென்று ஒரு விதையில் கடும் வலி என்றால், முறுக்கிக்கொண்டதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன், விடியட்டும் என்று படுக்கக்கூடாது. இடுப்பு வலியோடு, உட்காரும் இடம் மரத்துப்போய், மூத்திரமும் தெரியாமல் போனால் அது முதுகுத்தண்டு விஷயம், நேராக ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி (பாளையங்கோட்டையில் இருக்கும் நெல்லை அரசு மருத்துவமனை) அவசரப் பிரிவு.

தப்பு நடந்துவிட்டதே என்ற பயம் உள்ளவர்களுக்கு: கொனோரியா சாதாரணமாக ஒரு வாரத்துக்குள் சீழாக வெளியே தெரிந்துவிடும். கிளமிடியா ஒன்று முதல் மூன்று வாரம். இரண்டு வாரம் கழித்து, ஒரு மணி நேரமாவது போகாமல் இருந்து, முதலில் வருகிற மூத்திரத்தைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், கல்ச்சருக்கு நடுவில் வருவது, இதற்கு முதலில் வருவது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையமும், ஹெச்ஐவிக்கு நம்பிக்கை மையமும் இருக்கின்றன. இலவசம், ரகசியம் சட்டப்படி காக்கப்படும். சம்பவம் நடந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ஹெச்ஐவி டெஸ்ட் நெகட்டிவ் என்றால், நாலாவது தடவை எடுப்பது வைரஸைத் தேடி ஆகாது, நிம்மதியைத் தேடித்தான்.

மாத்திரை விஷயம்

ஆணின் மூத்திரக்குழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், பெண்ணுக்கு 4. அதனால் இளவயது ஆணுக்குச் சாதாரணக் கிருமித்தொற்று எளிதில் வராது. வந்தால் ஏன் வந்தது என்று தேட வேண்டிய விஷயம். ஆனால் எரிச்சல் என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் ஒரு நார்ஃப்ளாக்சசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ அஞ்சு நாளைக்கு வந்துவிடும், கூடவே ஒரு சிட்ரேட் சிரப். சிரப் எரிச்சலைத் தணிக்கும். மாத்திரையால்தான் குணமானது என்று மனசில் பதியும். அடுத்த தடவை பத்து நாள் கோர்ஸ். இந்த வகை மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் தசைநார் பாதிப்போடு, பதற்றமும் தூக்கமின்மையும் இருக்கின்றன. பதற்றத்தால் வந்த முட்டலுக்குப் பதற்றம் தரக்கூடிய மாத்திரை!

புராஸ்டேட் வீக்கம் என்று பேர் வாங்கியவர்களிலும் உண்மையில் கிருமியால் வருவது பத்தில் ஒருவருக்குக் கூட இல்லை. பைக் கழுத்துத் தசையைத் தளர்த்துகிற டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கொடுத்தால் மூத்திர வேகம் கூடும். எழுந்திருக்கும்போது தலைசுற்றலாம், விந்து வெளியே வருவது குறையலாம் அல்லது வராமலே போகலாம். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் பழைய தாது பயம் இரட்டிப்பாகத் திரும்பும். மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும். சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலந்த மாத்திரைகளும் மூத்திரம் தொடங்குவதைத் தாமதப்படுத்தும். இரண்டு நாளாக வரமாட்டேன் என்கிறதே என்று பதறுமுன் என்ன மாத்திரை போட்டோம் என்று பாருங்கள்.

தொட்டில் தசை

பயந்த நாய் வாலை உள்ளே இழுக்கும். அந்த வாலை இழுக்கிற தசை மனிதனுக்கும் இருக்கிறது, வால் மட்டும் இல்லை. முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை தொட்டில் மாதிரி கட்டி, பையையும் மலக்குடலையும் தாங்குகிறது. நாள் முழுக்கப் பயத்தில் இருப்பவன் அதை நாள் முழுக்க இறுக்கிப் பிடித்திருக்கிறான், தெரியாமலே. இறுகிய தசை வழியாக மூத்திரம் தாமதமாகத் தொடங்கும், மெல்லிசாக வரும், முடிந்த மாதிரி இருக்காது. உட்கார்ந்தால் பின்பக்கம் வலிக்கும், நுனியில் எரியும், விந்து வெளியான பிறகு ஒரு நாள் வலிக்கும். கடைசியில் வலி நுனியில் தெரிந்தாலும் மூலம் தொட்டிலில் இருக்கும். ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது இப்படி இருந்து, கிருமியும் இல்லை என்றால் நாள்பட்ட இடுப்படி வலி என்று டாக்டர்கள் பேர் வைப்பார்கள். பயம் தூண்டினாலும் வலி நிஜம்.

இதற்கு யூடியூபில் பார்த்துக் கெகல் பயிற்சி செய்யாதீர்கள். அது இறுக்குகிற பயிற்சி. ஏற்கெனவே இறுகினதை மேலும் இறுக்கி, இரண்டு வாரத்தில் ‘இன்னும் மோசமாகிவிட்டது’ என்று வருவார்கள். வேண்டியது தளர்த்துவது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் ஒரு கை வையுங்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், வயிறு எழும்பும்போது தொட்டிலும் கீழே இறங்குவது தெரியும். ஆறு எண்ணும் வரை விடுங்கள். காலை ஐந்து நிமிஷம், ராத்திரி ஐந்து நிமிஷம். பிளாஸ்டிக் டப்பில் உடம்பு பொறுக்கும் வெந்நீர் விட்டு இடுப்பளவு பத்துப் பதினைந்து நிமிஷம் உட்காரலாம். குத்தவைத்து உட்காருவது இந்தத் தசைக்கு நல்ல தளர்வு. வெஸ்டர்ன் கழிப்பறை வந்த பிறகு நாம் விட்ட பழக்கம். பைக்கிலும் லேப்டாப் முன்னாலும் 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்திருங்கள். நின்றுகொண்டு முக்கித் தள்ளாமல், உட்கார்ந்து தானாக வரவிடுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்று நாளில் நிறுத்தினால் ஒன்றும் தெரியாது.

சொட்டு பிரச்சினைக்கு வேறு கைவேலை. முடித்து சாரத்தை (கைலியை) இறக்கிய பிறகு இரண்டு மூன்று சொட்டு நனைப்பது, குழாயின் வளைவில் தேங்கியது. முடித்ததும் விதைப்பைக்குப் பின்னால் இரண்டு விரல் வைத்து லேசாக அழுத்தி, முன்பக்கமாகக் கொண்டுவந்தால் வந்துவிடும். கிட்னிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சீக்கிரம் அடிக்கிற மணியைத் திருத்த, தாளில் உள்ள சராசரி இடைவெளியை எடுங்கள். ஒரு மணி நேரம் என்றால் முதல் வாரம் ஒன்றே கால் மணி. வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டி, மூன்று மணி வரை கொண்டுபோகலாம். முட்டும்போது ஓடாமல் நின்று, கால்விரல்களை மடக்கி விரித்து, மெதுவாக மூச்சு விடுங்கள். அலை மாதிரி ஏறி, ஒன்றிரண்டு நிமிஷத்தில் இறங்கும். டீயை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலிக்கும். மூன்று நாளுக்கு ஒரு டீயாகக் குறைத்து இரண்டில் நிறுத்துங்கள்.

கை செய்கிற காரியம்

எரிச்சலுக்குக் காரணம் சில சமயம் சோதனை செய்கிற கையே. சீழ் வருகிறதா என்று நாளைக்கு இருபது தடவை நுனியைப் பிதுக்கிப் பார்ப்பார்கள். பிதுக்கப் பிதுக்க உள்தோல் சிவந்து, பசையாக ஒரு சொட்டு வரத்தான் செய்யும். அதைப் பார்த்ததும் பயம் உறுதியாகிவிடும். டெட்டாலும் சோப்பும் போட்டு நுனியைக் கழுவுவது அடுத்தது. வெறும் தண்ணீர் போதும். இரண்டையும் ஏழு நாள் அடியோடு விட்டாலே எரிச்சல் பாதியாகக் குறைகிறவர்கள் நிறைய.

பிதுக்கத் தோன்றினால், போனில் தேடத் தோன்றினால், அரை மணி நேரம் தள்ளிப்போட்டு நேரத்தை எழுதுங்கள். பாதித் தடவை அதற்குள் வேகம் அடங்கிவிடும். டெஸ்ட் நார்மல் என்றதும் வருகிற நிம்மதி இரண்டு நாள் நிற்கும், அப்புறம் ‘அந்த லேப் சரியாப் பார்த்திருப்பானா’ என்று ஆரம்பிக்கும். அந்த ஐயத்துக்கு அடுத்த லேப் ஒருபோதும் பதில் ஆகாது. அறிகுறி மாறினால்தான் புது டெஸ்ட் என்று ஒரு டாக்டரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அண்ணன், மதினி, அம்மா யாரிடமும் தினமும் ‘எனக்கு ஒண்ணும் இல்லைல்லா?’ என்று கேட்பதும் அதே டெஸ்ட்தான், லேப் மட்டும் வேறே.

ஆறு மாதத்தைத் தாண்டியும் வேலைக்குப் போக முடியாமல், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு இருந்தால் மனநல டாக்டரைப் பாருங்கள். ஐகிரவுண்டில் ஓபி உண்டு. நேரில் போகத் தயங்கினால் 14416-க்குப் போன் போடலாம், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். அங்கே மாத்திரை எழுதினால், மூத்திரத் தொந்தரவு இருப்பதைச் சொல்லுங்கள். சில மனநல மாத்திரைகள் மூத்திரம் தொடங்குவதைத் தாமதப்படுத்தும், தெரிந்தால் வேறு ஒன்று எழுதுவார்கள்.

டாக்டரிடம் போகும்போது ஆறு மாத ரிப்போர்ட் ஃபைலை மேஜையில் கொட்டாதீர்கள். மூன்று நாள் தாள், கடைசி கல்ச்சர், யூரோஃப்ளோ கோடு, மிச்ச அளவு, போட்ட மாத்திரைகளின் அட்டை, அவ்வளவு போதும். ‘எப்போதிலிருந்து, எது பெரிய தொந்தரவு, எதற்குப் பயப்படுகிறேன்’ என்று மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள். மூன்றாவது வரியைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லாவிட்டால் அவர் வேறு எதற்கோ பதில் சொல்லி அனுப்பிவிடுவார்.

பழைய தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த சித்திரையில் வெயில் ஏறியதும் எரிச்சல் திரும்ப வரும். அப்போது குவளையை எடுத்து மூன்று நாள் அளந்து, பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை அளவு 400-ஐத் தொடுகிறதா, ராத்திரி எழுப்புகிறதா என்ற இரண்டு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.